டாக்டருக்கு ஐந்து நிமிடம், நமக்கு ஒரு பக்கம்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜி.ஏ. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை கொடுக்க வருகிறவர்களில் சிலர் அளவு கொடுத்து முடித்த பிறகும் கிளம்பமாட்டார்கள். கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “அக்கா, உங்க தம்பிய எங்க காட்டறீங்க?” என்று கேட்பார்கள். தம்பிக்கு மனசு சரியில்லாதது தெருவுக்கே தெரியும், நான் மறைத்ததில்லை. அதனால் மகனுக்கு, மருமகளுக்கு, குடிக்கிற வீட்டுக்காரருக்கு என்று எல்லாக் கேள்வியும் என்னிடம் வந்து சேர்கிறது. துணி வெட்டிக்கொண்டே அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. பல வருஷமாகக் கூட்டிக்கொண்டு போய் வருகிற அக்கா, அவ்வளவுதான்.

“டாக்டர் முகத்தக்கூட நிமிர்ந்து பாக்கல, அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டார்” என்று கோபத்தோடு வருகிறவர்கள் நிறைய. கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கையும் பாருங்கள். பெங்களூருவில் இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 10.6 பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். மனநல மருத்துவர்கள் எத்தனை பேர்? 2019 வாக்கில் போட்ட கணக்குப்படி நாடு முழுக்கச் சுமார் 9,000 பேர். அதாவது லட்சம் பேருக்கு 0.75, முக்கால் டாக்டர். மூன்று பேராவது வேண்டும் என்கிறார்கள். புதிதாக ஒருவர் உருவாக எம்.பி.பி.எஸ். முடித்து இன்னும் மூன்று வருஷம் படிக்க வேண்டும். இருக்கிறவர்களிலும் பாதிக்கு மேல் பெரிய ஊர்களில், அந்த ஊர்களிலும் வசதியானவர்கள் இருக்கிற பக்கத்தில்தான் போர்டு மாட்டுகிறார்கள். அண்ணா நகரில் தெருவுக்குத் தெரு கிளினிக் தெரியும். கொருக்குப்பேட்டையிலும் எண்ணூரிலும் தேடிப் பாருங்கள். மனநல நர்ஸ், சமூகப் பணியாளர், உளவியலாளர் இவர்கள் எல்லாம் இன்னும் குறைவு.

ஆக, அந்த ஐந்து நிமிடம் பத்து நிமிடம் ஆகப்போவதில்லை, கிட்டத்தில் ஆகப்போவதில்லை. அதற்குள் என்ன கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

எங்கே போவது

நம் பக்கத்து ஆட்களுக்கு முதல் இடம் ஸ்டான்லி. பழைய ஜெயில் ரோடு, எல்லோருக்கும் தெரிந்த ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவு தனியாக இருக்கிறது. அங்கே போவதில் ஒரு பெரிய சௌகரியம், வாசலில் யார் பார்த்தாலும் சர்க்கரைக்கோ கால்வலிக்கோ வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். கல்யாணம் ஆக வேண்டிய பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ரத்தப் பரிசோதனையையும் அங்கேயே எடுத்துவிடலாம். ஓபி காலையில்தான். சீட்டு போட ஒரு வரிசை, மனநலப் பிரிவில் ஒரு வரிசை, மாத்திரை கவுண்டரில் ஒரு வரிசை. திங்கட்கிழமையும் பண்டிகை விடுமுறைக்கு மறுநாளும் போகாதீர்கள். கையில் தண்ணீர், பிஸ்கட் இருக்கட்டும். வரிசையில் நிற்க முடியாமல் ஆள் தவிக்கிறார் என்றால் அங்கே இருக்கிற நர்சிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். அடங்காத ஆளை முன்னால் அனுப்பிவிடுவார்கள்.

கீழ்ப்பாக்கம் என்று நாம் சொல்கிற மனநல ஆஸ்பத்திரி அயனாவரம் பக்கம் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இருக்கிறது. 1794இல் வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. அங்கேயும் தினசரி ஓபி உண்டு, உள்ளே சேர்க்காமல் பார்த்து அனுப்புவார்கள். “அங்க போனா உள்ள போட்டுடுவாங்க” என்பது பழைய பயம். வீட்டில் வைத்துச் சமாளிக்கவே முடியவில்லை, சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலைமைக்கு அது சரியான இடம்.

சில விஷயங்களுக்கு மனநலப் பிரிவு வரிசையில் நிற்கவே கூடாது. இதைச் சத்தமாகச் சொல்கிறேன். நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வயதான மாமியார் திடீரென்று ஆள் தெரியாமல் உளறினால் அது அநேகமாக உடம்பு நோய். சிறுநீரில் கிருமி, உப்பு குறைவது, சர்க்கரை இறங்குவது, இப்படி ஏதாவது இருக்கும். நேராகக் கேஷுவாலிட்டி. அதேபோல, தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தி இரண்டு மூன்று நாளில் உடம்பு நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஓடுகிறது என்று சொன்னால் உயிருக்கே ஆபத்து. காசிமேட்டில் மாலை போடுகிற சமயத்தில் இப்படி நடப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சாமி வந்திருக்கிறது, காத்து கருப்பு அடித்திருக்கிறது என்று மந்திரிக்க அலையாமல் 108ஐக் கூப்பிடுங்கள். மூன்றாவது, பிள்ளை பெற்ற பெண். பிரசவமாகி முதல் இரண்டு வாரத்துக்குள் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ‘பச்சை உடம்பு, சரியாகிடும்’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு ஒரு ராத்திரிகூடத் தள்ளாதீர்கள். குழந்தையைத் தனியாக அவளிடம் விடாதீர்கள்.

ஓபிக்குப் போகிற அளவுக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையா? 14416க்குப் போன் போடுங்கள். மனநலத்துக்கென்று அரசு நடத்துகிற போன் உதவி, டெலி-மானஸ் என்று 2022 அக்டோபரில் வந்தது. இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் டாக்டரிடம் இணைப்பார். இதில் நான் பார்த்தவரை ஒரு நன்மை, கூடவே வர மாட்டேன் என்கிற ஆள் போனிலாவது பேசிவிடுகிறார்.

அந்த ஒரு பக்கம்

என் கடைக்கு வந்து “நல்லா தச்சுக் குடுங்க” என்று மட்டும் சொன்னால் நான் என்ன செய்வேன்? அளவு ரவிக்கை கொண்டு வந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. டாக்டரிடம் போய் “சரியில்ல சார், ரொம்ப கஷ்டமா இருக்கு” என்பதும் அளவில்லாமல் துணி கொடுப்பதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் நம்மைப் பார்ப்பது பெரும்பாலும் மேல்படிப்புப் படிக்கிற இளம் டாக்டர்கள். மாதா மாதம் முகம் மாறும். போன தடவை பார்த்த மேடம் இந்தத் தடவை வார்டில் இருப்பார். புதிதாக வந்தவருக்கு நம் ஆளின் கதை தெரியாது. கதை முழுவதையும் சொல்ல நேரமும் கிடையாது.

அதனால் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரே பக்கம், இரண்டு பக்கம் கொடுத்தால் படிக்க மாட்டார்கள். நான் அளவு நோட்டின் கடைசித் தாள்களில் தினமும் ஒரு வரி எழுதிவைப்பேன். ஓபிக்கு முந்தின ராத்திரி அதைப் பார்த்துத் தனித்தாளில் எழுதுவேன். தம்பிக்காக எழுதியதில் ஒன்று இப்படி இருக்கும்:

தூக்கம் – 12ஆம் தேதி வரை பத்து மணிக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தான். அதற்கு அப்புறம் ஒரு மணிக்குத்தான் படுக்கிறான். சில நாள் விடிய விடிய நடை.
சாப்பாடு – நான் செய்தது மட்டும். கடை இட்லியில் ஏதோ கலந்திருக்கிறது என்கிறான்.
பேச்சு – பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும்போது அதில் தன் பேரைச் சொல்கிறார்கள் என்கிறான். இப்போது மோட்டார் ஓடாதபோதும் கேட்கிறதாம்.
மாத்திரை – 12, 13, 14, 15 ராத்திரி விட்டுப்போச்சு. நான் ஊருக்குப் போயிருந்தேன்.
உடம்பு – டம்ளர் பிடித்தால் வலது கை நடுங்குகிறது. எடை 71, போன மாதம் 68.
வேலை – காலையில் பால் வாங்கப் போவான். இந்த மாதம் போகவில்லை.
கேட்க வேண்டியது – நடுக்கத்துக்கு என்ன செய்வது?

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தூக்கம் கெட்டதும் மாத்திரை விட்டதும் ஒரே தேதி. வாயால் “குரல் அதிகமாக் கேக்குதுன்றான் சார்” என்று மட்டும் சொல்லியிருந்தால் மாத்திரையைக் கூட்டி எழுதியிருப்பார்கள், கூட்டினால் கை நடுக்கமும் எடையும் கூடியிருக்கும். தாளைப் பார்த்த டாக்டர் அளவை மாற்றாமல், விட்டதை ஒழுங்காகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, நடுக்கத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை சேர்த்தார், எடைக்காகச் சர்க்கரை பார்க்க எழுதினார். எல்லாம் அதே ஐந்து நிமிடத்தில்.

எழுதும்போது உங்கள் கருத்தை எழுதாதீர்கள். ‘சோம்பேறி ஆகிவிட்டான்’ என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘பதினொரு மணி வரை எழுந்திருப்பதில்லை, குளித்து நாலு நாள் ஆகிறது’ என்றால் கிடைக்கும். ‘கோபப்படுகிறாள்’ வேண்டாம். யார் மேல், என்ன செய்தாள், எவ்வளவு நேரத்தில் அடங்கினாள் என்று எழுதுங்கள். முதல் தடவை போகிறவர்கள் மட்டும் மேலே நாலு வரி கூடுதலாகச் சேர்க்கவும்: எப்போது ஆரம்பித்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, தலையில் அடி, வலிப்பு, தைராய்டு உண்டா, குடி, கஞ்சா, போதை மாத்திரை உண்டா. கடைசிக் கேள்விக்கு மானம் பார்க்காதீர்கள். டாக்டர் போலீசில் சொல்ல மாட்டார், மறைத்தால் மாத்திரை தப்பாகப் போகும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பத்தாவது படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லலாம். ஆனால் தன் அப்பாவைப் பற்றியே எழுத அந்தப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் என் கடைக்கு வாருங்கள்.

வரமாட்டேன் என்கிற ஆளை

இதுதான் எல்லோரும் கேட்பது. கோயிலுக்குப் போகலாம் வா என்று ஏமாற்றி ஆட்டோவில் ஏற்றுகிறவர்கள் உண்டு. ஒரு தடவை நடக்கும், அடுத்த தடவை கோயிலுக்கும் வர மாட்டார்கள். “உனக்குப் பைத்தியம், வைத்தியம் பாக்கணும்” என்றாலும் நடக்காது. குரல் கேட்கிறது என்கிறவரிடம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை என்று சண்டை போடுவதும் வீண், ஆமாம் எனக்கும் கேட்கிறது என்று தாளம் போடுவதும் தப்பு. “எனக்குக் கேக்கல. ஆனா உனக்குக் கேக்குது, அதனால நீ தூங்கவே இல்ல. தூக்கத்துக்கு ஒரு வழி கேட்டுட்டு வரலாம்” என்று சொல்லிப் பாருங்கள். தூக்கம், தலைவலி, உடம்பு அசதி, இப்படி அவர்களுக்கே தொந்தரவாக இருப்பதைப் பிடித்துப் பேசினால் பாதிப் பேர் எழுந்து வருவார்கள். யார் சொன்னால் கேட்பார் என்பதும் முக்கியம். அம்மா சொல்லிக் கேட்காதவன் பழைய முதலாளி சொன்னால் கேட்பான். தம்பி எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன். முதல் தடவை அவனைக் கிளப்பியது நான் இல்லை, அந்தக் கடைக்கார அண்ணன்தான்.

அப்படியும் வரவில்லையா? நீங்கள் மட்டும் அந்தத் தாளோடு போய்ப் பேசுங்கள். ஆளைப் பார்க்காமல் மாத்திரை தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வார்கள். சமூகப் பணியாளர் இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

மாத்திரையை ஆளுக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கிறீர்கள் என்றால், அதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்புகிறவருக்கு ஒருநாள் கண்டுபிடித்தால் என்ன ஆகும்?

உள்ளே போனதும்

தாளை நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். டாக்டர் முதலில் ஆளிடம்தான் பேசுவார், அவர் பேசட்டும். நாம் குறுக்கே விழுந்து “பொய் சொல்றான் சார்” என்றால் அவன் வாயை மூடிக்கொள்வான், ஐந்து நிமிடமும் நம் புலம்பலில் போகும். அவன் எதிரில் சொல்லக் கூடாததைத் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். சில சமயம் அவனைத் தனியாகவும் பார்க்க விடுங்கள், நம் எதிரில் சொல்லாததை அவனும் வைத்திருப்பான்.

கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டியது: இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளில் வேலை செய்யும், என்ன ஆனால் உடனே வர வேண்டும், அடுத்து எப்போது. பதிலை அங்கேயே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரைக் கேட்கப் பயப்படாதீர்கள். சீட்டுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நம் சிகிச்சை விவரத்தைக் கேட்டு வாங்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உரிமையே இருக்கிறது.

மாத்திரை விஷயம்

மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும். ஆனால் வயிற்றைப் புரட்டுவது, படபடப்பு எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். நல்லது பின்னால், கெட்டது முன்னால். இது தெரியாமல்தான் பாதிப் பேர் பத்தாம் நாள் தூக்கிப் போடுகிறார்கள். மீதிப் பேர் நன்றாக ஆன பிறகு நிறுத்துகிறார்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்று வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு யார் புரியவைப்பது? “இன்னுமா சாப்பிடற, கிட்னி போய்டும்” என்று ஒரு சித்தி எல்லா வீட்டிலும் இருக்கிறார். நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர் சொல்லித்தான்.

ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் மாதிரி மாத்திரை, ஊசி ஆரம்பித்த முதல் நாட்களில் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்வது, கண் மேலே செருகுவது, நாக்கு இழுப்பது வரலாம். பார்க்கிறவர்களுக்குக் குலைநடுங்கும். பேய் இல்லை, மாத்திரையின் பக்கவிளைவு. உடனே கேஷுவாலிட்டிக்குப் போனால் ஒரு ஊசியில் சரியாகும். காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்து நினைவு தடுமாறினால் அது வேறு, ரொம்ப ஆபத்து, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

லித்தியம் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மே மாத வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ அளவு ஏறிவிடும். தானாக மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் அப்படித்தான். கை அதிகமாக நடுங்கி, வாந்தி வந்து, நடை தள்ளாடினால் ஆஸ்பத்திரி. க்ளோசபின் என்றால் ஆரம்பத்தில் வாரா வாரம் ரத்தம் பார்ப்பார்கள், காய்ச்சல், தொண்டைவலி வந்தால் சொல்லியாக வேண்டும். ஓலன்சபின், க்ளோசபின் சாப்பிடுகிறவர் பீடி, சிகரெட்டை நிறுத்தினால்கூட டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தத்தில் மருந்து அளவு ஏறும். வால்ப்ரோயேட் சாப்பிடுகிற பெண், கர்ப்பம் ஆவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் பேச வேண்டும், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை. தூக்க மாத்திரையையும் வலி மாத்திரையையும் போதைக்கு விற்கிற கும்பல் இருப்பதால், வாலிப வயதுப் பையன் சீட்டோடு போனாலும் மெடிக்கல் ஷாப்பில் மேலும் கீழும் பார்ப்பார்கள். அசல் சீட்டைக் கொண்டு போங்கள், கூட ஒரு பெரியவர் போங்கள். மாத்திரைப் பெட்டியின் சாவி வீட்டில் ஒருவர் கையில் இருக்கட்டும்.

டாக்டர் இல்லாமலும் நடக்கிற வேலை

எல்லாவற்றுக்கும் மனநல மருத்துவரே வேண்டும் என்று இல்லை, அவர்களே பற்றாத ஊரில் அப்படி எதிர்பார்க்கவும் முடியாது. மருந்து எழுதுவது மனநல மருத்துவர். பேசிப் பேசிச் சரிசெய்வது உளவியலாளர், அவர் மருந்து எழுதக் கூடாது. வீட்டுச் சண்டை, வேலை, உதவித்தொகை, சேர்க்கை இதெல்லாம் சமூகப் பணியாளர். ஊசி போட வந்தவனிடம் இரண்டு வார்த்தை பேசி, முகத்தைப் பார்த்தே ‘இவன் மாத்திரை சாப்பிடலை’ என்று கண்டுபிடிப்பது நர்ஸ். நர்சைப் பேர் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

பற்றாக்குறை இருக்கிற இடத்தில் போலிகளும் வருவார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட்டால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். நம்பரைக் கேளுங்கள், உண்மையானவர் கோபப்பட மாட்டார். என்னிடம் துணி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் ஒரு தனியார் இடத்தில் பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மாத்திரையை நிறுத்து என்று டாக்டர் அல்லாதவர் யார் சொன்னாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று வருகிற மனச்சிதைவு நோய்க்கென்றே அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற அமைப்பு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தலைவராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர். மருந்துக்கு அப்புறம் வேலைக்குப் பழக்குவது, குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரியானவற்றுக்கு விசாரித்துப் பாருங்கள்.

சேர்க்க வேண்டி வந்தால்

2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிற அந்த 2017 மனநலச் சட்டப்படி, தனக்கே புரிந்து சம்மதிக்கிறவர் தானாகவே சேரலாம், தானாகவே கிளம்பலாம். புரியாத நிலையில் இருக்கிறவரை அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது பெரும்பாலும் வீட்டு ஆள், கேட்டுக்கொண்டால் டாக்டர்கள் பரிசோதித்துச் சேர்ப்பார்கள். முதலில் 30 நாள் வரைதான். கத்தி எடுத்துவிட்டார், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறார் என்றால் போலீசைக் கூப்பிடலாம். அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பாக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. ஸ்டேஷனில் ‘குடும்பச் சண்டை’ என்று தட்டிக்கழித்தால் பழைய ஓபி சீட்டைக் காட்டுங்கள்.

சங்கிலி கூடவே கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். இன்றைக்குச் சங்கிலியால் கட்டுவது சட்டப்படியே தடை. கட்டில் காலில் கட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போகிற ஏழை அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வராது. அவளிடம் சொல்ல வேண்டியது சட்டத்தை இல்லை, மாதம் ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது என்பதைத்தான். மாத்திரை விழுங்காத ஆளுக்கு அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

சாகப் போகிறேன் என்று சொன்னால்

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விடாதீர்கள். “செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்லச் சொல்லப் பாரம்தான் குறையும். தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் எலி மருந்து மாதிரிச் சாமான்களையும் வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். அந்த ஒரு ராத்திரியைத் தாண்டுவது பெரிய விஷயம். 14416 இருக்கிறது. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டுவிட்டார் என்றால் போனெல்லாம் அப்புறம், உடனே கேஷுவாலிட்டி. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள். முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது.

மிச்சம் இருப்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்டகால மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு. தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரியவைப்பது, வேலை செய்வது இவற்றைப் பார்த்து மதிப்பிடுவார்கள், 40 சதவீதம் வந்தால் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் உடல்நோய் மாதிரியேதான் சேர்க்க வேண்டும், மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் வாரம் ஒருநாளாவது வேறு யாரிடமாவது விட்டுவிட்டு வெளியே போய் வரவும். நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையையும் தம்பியையும் மாமா பெண்ணிடம் விட்டுவிட்டுத் திருவொற்றியூர்ப் பக்கம் போய்விடுவேன்.

கடைசியாக மழைக்கால ஏற்பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஓபிக்குப் போக வழியில்லை, கடைகள் திறக்கவில்லை, மாத்திரை தீர்ந்தவர்கள் தவித்தார்கள். இந்த மாத்திரைகளைத் திடீரென்று விடுவது எவ்வளவு கெடுதல் என்று மேலே சொல்லியிருக்கிறேன். எனவே புரட்டாசியில் ஓபிக்குப் போகும்போதே டாக்டரிடம் சொல்லி, ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எழுதி வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் தராவிட்டால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அந்த மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், வெளிக்கடையைவிட விலை குறைவு. சீட்டின் நகலோடு பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிப் பரண்மேல் பெட்டியில் பூட்டி வையுங்கள், கீழ் அலமாரி வேண்டாம். பொங்கல் முடிந்ததும் அதை எடுத்து முதலில் செலவழித்துவிடுங்கள், தேதி தாண்ட விடக் கூடாது.